அண்ணனுக்கு மூளை, தங்கைக்கு உழைப்பு என்று பாகம் பிரித்த வீடு

கேள்வி: ஐயா, நாங்கள் கோவில்பட்டியில் வசிக்கிறோம். கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். மூத்தவன் பிளஸ் ஒன் கணிதப் பிரிவில் படிக்கிறான். இளையவள் ஒன்பதாம் வகுப்பு. மகன் சிறுவயதிலிருந்தே கெட்டிக்காரன். வீட்டில் அவன் புத்தகத்தைத் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. ஆனாலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 472 மதிப்பெண் வாங்கினான். இந்தக் காலாண்டுத் தேர்விலோ கணிதத்தில் 90க்கு 31, இயற்பியலில் 70க்கு 24. கேட்டால், “நான் நினைத்தால் எடுத்துவிடுவேன், விடுங்கள்” என்கிறான். மகள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து படிக்கிறாள், இரவு பதினொரு மணி வரை படிக்கிறாள். ஆனால் எந்தப் பாடத்திலும் அறுபது, அறுபத்தைந்தைத் தாண்டுவதில்லை. “அவனுக்கு மூளை இருக்கிறது, உழைப்பு இல்லை, இவளுக்கு உழைப்பு இருக்கிறது, மூளை இல்லை” என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. மகனை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். மகளுக்குப் பத்து முடிந்ததும் சயின்ஸ் குரூப் வேண்டாம் என்றும் இப்போதே பேசுகிறார். கணித மேதை ராமானுஜனே கல்லூரியில் தோற்றவர்தானே என்று மைத்துனர் சொல்கிறார். இருவருக்கும் ஐ.க்யூ. சோதனை எடுத்துப் பார்க்கலாமா? படிப்பில் கரை சேர மூளை முக்கியமா, உழைப்பு முக்கியமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். மகனைப் பற்றி எழுதும் இடத்தில் எல்லாம் மதிப்பெண்ணாக இருக்கிறது. மகளைப் பற்றி எழுதும் இடத்தில் எல்லாம் மணிக்கணக்காக இருக்கிறது. கணக்குப் போடும்போது அவன் என்ன செய்கிறான் என்பதோ, அந்த அதிகாலை இரண்டு மணி நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்பதோ கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் பத்தொன்பது ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்திவிட்டு, உளவியல் படித்து, இப்போது மாணவர் ஆலோசகராக இருப்பவன். என் அனுபவத்தில், பிள்ளைகளை மூளைக்காரன் என்றும் உழைப்பாளி என்றும் பிரித்துவைக்கும் வீடுகளில் பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான் யாரும் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூளைத்திறன் என்று ஒன்றே கிடையாது, எல்லாம் உழைப்புதான் என்று மேடையில் பேசுபவர்கள் சொல்வது கேட்க இதமாக இருக்கும். ஆனால் அது உண்மை அல்ல. இங்கிலாந்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பதினோரு வயதில் அறிவுத்திறன் சோதனை வைத்து, பதினாறு வயதில் அவர்கள் எழுதிய பொதுத்தேர்வு முடிவோடு ஒப்பிட்டு 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டுக்கும் இடையிலான தொடர்பு மிக வலுவாக இருந்தது. அதே சமயம், 2005இல் அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடையே நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், ஆண்டு இறுதி மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் அறிவுத்திறன் சோதனையைவிட மாணவனின் சுயக்கட்டுப்பாடு கூடுதலாகக் கைகொடுத்தது. ஒன்று பெரிய கணக்கு, ஒன்று சிறிய கணக்கு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆகவே எது முக்கியம் என்று தராசு பிடிக்க நான் வரவில்லை. உங்கள் வீட்டில் மூளை என்று பெயர் பெற்றிருப்பது உண்மையில் மூளைதானா, உழைப்பு என்று பெயர் பெற்றிருப்பது உண்மையில் படிப்புதானா என்பதுதான் எனக்கு எழும் ஐயம்.

மகனின் 472ஐ எடுத்துக்கொள்வோம். புத்தகத்தைத் தொடாமல் வாங்கினான் என்கிறீர்கள். வீட்டில் தொடவில்லை, சரி. பத்தாம் வகுப்பில் பள்ளி என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டிசம்பருக்குள் பாடங்களை முடித்து, அரையாண்டுத் தேர்வு வைத்து, ஜனவரி தொடங்கி அடுத்தடுத்துத் திருப்புதல் தேர்வுகள், காலையில் ஒரு மதிப்பெண் வினாத் தேர்வு, மாலையில் சிறப்பு வகுப்பு என்று பொதுத்தேர்வுக்கு முந்தைய நாள் வரை அவனை எழுதவைத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். ஆசிரியர் சொல்வதை உடனே பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு, பாடப் பயிற்சி வினாக்களையே மீண்டும் மீண்டும் எழுதிப் பார்க்கும் அந்த ஏற்பாடு போதும். அவன் படிக்காமல் வாங்கவில்லை. அவனுக்காகப் பள்ளி படிப்பை நடத்தித் தந்தது. அந்த உழைப்பு அவன் கண்ணில் படவில்லை, உங்கள் கண்ணிலும் படவில்லை. அதனால் அதற்கு மூளை என்று பெயர் வைத்துவிட்டோம்.

பிளஸ் ஒன்னில் அந்தத் தாங்குகட்டை விலகிவிடுகிறது. கணிதப் புத்தகமே இரண்டு தொகுதி, பன்னிரண்டு அத்தியாயம். மூன்றாம் அத்தியாயமான முக்கோணவியலில்தான் பத்தாம் வகுப்பில் தொண்ணூறு வாங்கிய பலர் முதன்முறையாகத் திணறுகிறார்கள். என் அறைக்கு வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மகனைப் போலவே பெயரெடுத்தவன். ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் தனித்தனியே இரட்டித்து, அவற்றின் சைன்களைக் கூட்டினால், மூல கோணங்களின் சைன்களைப் பெருக்கி வருவதைப் போல் நான்கு மடங்கு கிடைக்கும் என்று நிறுவும் கணக்கைக் கொடுத்தேன். முதல் இரண்டு உறுப்புகளையும் வாய்ப்பாட்டில் போட்டு அழகாகச் சேர்த்தான். மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதால் முதலிரு கோணங்களின் கூடுதலுக்குரிய சைன், மூன்றாம் கோணத்தின் சைனுக்குச் சமம் என்பதையும் நான் சொல்லாமலே கண்டுகொண்டான். பொதுக்காரணியை வெளியே எடுத்தான். அடைப்புக்குள் இரண்டு கொசைன்கள் நின்றன. அங்கே பேனா நின்றது. அடுத்த அடி, சற்றுமுன் எதை விட்டு வந்தோமோ அதற்கே திரும்புவது: மூன்றாம் கோணத்தின் கொசைனை மறுபடியும் முதலிரு கோணங்களின் கூடுதலைக் கொண்டு எழுத வேண்டும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. பேனாவை மூடிவிட்டு, “இது எங்களுக்கு நடத்தவில்லை சார்” என்றான். வாய்ப்பாடு தெரியாமல் அவன் நிற்கவில்லை. வழி தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, இப்படிப் பார்ப்போமா அப்படிப் பார்ப்போமா என்று நாலு வரி கிறுக்கி அடித்துப் பழக்கமே அவனுக்கு இல்லை. பதினைந்து வயது வரை எந்தக் கணக்கும் அவனை அப்படி நிறுத்தியதில்லை.

நின்றுபோகும் அந்த இடத்தில்தான் பட்டமும் காலை வாருகிறது. மூளைக்காரன் என்று பெயரெடுத்தவனுக்கு ஒரு கணக்கு வரவில்லை என்றால், கணக்கு மட்டும் போவதில்லை, பெயரும் போகிறது. அதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு: முயலாமலே இருந்துவிடுவது. “நினைத்தால் எடுத்துவிடுவேன்” என்று அவன் சொல்வதைத் திமிர் என்று உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளக்கூடும். எனக்கு அதில் பயம்தான் கேட்கிறது. நினைத்துப் பார்த்து, உட்கார்ந்து படித்து, அப்போதும் 31தான் வந்தால் என்ன ஆவது என்ற பயம். 1998இல் அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய புதிர்களைக் கொடுத்து, ஒரு சாராரிடம் “நீ கெட்டிக்காரன்” என்றும் இன்னொரு சாராரிடம் “நன்றாக முயன்றிருக்கிறாய்” என்றும் பாராட்டினார்கள். பிறகு வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவிட்டார்கள். அதன்பின் மீண்டும் எளிய புதிர் கொடுத்தபோது கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்களின் மதிப்பெண் குறைந்தது, முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களின் மதிப்பெண் கூடியது. தம் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்களில் நூற்றுக்கு 38 பேர் கூட்டி எழுதினார்கள்; மற்ற சாராரில் நூற்றுக்கு 13 பேர்தான். இந்த ஆய்வைச் சுற்றிப் பின்னால் பெரிய வியாபாரமே எழுந்தது. பாராட்டும் முறையை மாற்றினாலே பிள்ளை மாறிவிடும் என்று பயிலரங்கம் நடத்தியவர்கள் உண்டு. ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வில், மனப்பாங்கை மாற்றும் சிறு பயிற்சியால் பின்தங்கிய மாணவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் சிறிய அளவுதான். எனவே பேச்சை மாற்றுங்கள் என்பதோடு நான் நிறுத்தப்போவதில்லை.

உங்கள் மைத்துனர் ராமானுஜனைத் துணைக்கு அழைத்திருக்கிறார். கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர மற்றவற்றைக் கைவிட்டதால் அவர் உதவித்தொகையை இழந்ததும், பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் தேர்ச்சி பெறாததும் உண்மைதான். ஆனால் அவர் கணிதத்தில் உழைக்காமல் மேதையானவர் என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளி நாட்களில் அவர் கைக்குக் கிடைத்த, கார் என்பவர் தொகுத்த நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் இருந்தன; பலவற்றுக்கு முழு நிறுவல் கிடையாது. அவற்றைத் தாமே நிறுவிப் பார்த்து, தாள் விலை கட்டுப்படியாகாத காரணத்தால் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதி, முடிவை மட்டும் நோட்டில் பதிந்தவர் அவர். உங்கள் மகனிடம் ராமானுஜனைப் பற்றிப் பேசுவதானால், தோற்ற கதையை விட்டுவிட்டு அந்தச் சிலேட்டைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

மகளுக்கு வருகிறேன், உண்மையில் எனக்குக் கூடுதல் கவலை அவளைப் பற்றித்தான். மகன் விஷயத்தில் எல்லோரும் பதறுகிறீர்கள். மகள் விஷயத்தில் தீர்ப்பு எழுதி, கோப்பை மூடிவிட்டீர்கள்.

நாளை விடியற்காலை அவள் படிக்கும்போது, கேள்வி எதுவும் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கவனியுங்கள். என் ஊகம் சரியானால், அவள் ஒரு பக்கத்தை வாய்விட்டோ மனத்துக்குள்ளோ நாலைந்து முறை படிப்பாள். மஞ்சள் பேனாவால் பாதிப் பக்கத்துக்கும் மேல் கோடு போடுவாள். பிறகு அதையே அழகான கையெழுத்தில் நோட்டில் பார்த்து எழுதுவாள். இப்படிப் படித்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் தாவர உடலியல் பாடத்தைக் கேட்டேன். நீராவிப்போக்குக்கு வரையறை கேட்டபோது ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். “நண்பகல் வெயிலில் தொட்டிச் செடி ஏன் துவண்டுபோகிறது, தண்ணீர் ஊற்றாமலே சாயங்காலம் ஏன் நிமிர்கிறது?” என்று கேட்டேன். விழித்தாள். புத்தகத்தை மூடிவைத்து, ஒரு செடியைப் படமாக வரைந்து, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று அம்புக்குறி போடச் சொன்னேன். வேரிடம் ஓர் அம்பு, இலையிடம் ஓர் அம்பு. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், “வெயிலில் இலை செலவழிக்கிற வேகத்துக்கு வேரால் சம்பாதிக்க முடியவில்லை, அதுதானே சார்?” என்றாள். இதைச் சொன்ன பெண்ணுக்கு மூளை இல்லை என்று யார் சொல்வது? அவள் தினமும் ஆறு மணி நேரம் செலவிட்டு வந்தது கண்ணுக்கு வேலை கொடுக்கும் படிப்பில். நினைவுக்கு வேலை கொடுக்கும் படிப்பை அவளுக்கு யாரும் காட்டித்தரவில்லை.

இதற்கு நல்ல சான்று உண்டு. ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் ஒரு பத்தியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரே ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ அவர்களுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு நினைவில் இருந்தது. பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 விழுக்காடு. திரும்பத் திரும்பப் படிப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற நிறைவு கிடைக்கிறது. அந்த நிறைவு தேர்வு மண்டபம் வரை வருவதில்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பத்தாம் வகுப்பில் உங்கள் மகனுக்குத் திருப்புதல் தேர்வுகள் செய்து கொடுத்ததும் இதே வேலைதான். அண்ணனுக்குப் பள்ளி வலியத் திணித்த முறையை, தங்கை இன்னும் சந்திக்கவே இல்லை. உங்கள் வீட்டில் பாகம் பிரித்த மூளையில் ஒரு பெரும்பங்கு இந்த வேறுபாடுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆகையால் மகளுக்கு நான் சொல்வது, நேரத்தைக் குறைப்பது. இரவு பதினொன்றிலிருந்து விடியற்காலை நாலரை வரை என்றால் ஐந்தரை மணி நேர உறக்கம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்ததை மூளை பதிந்துவைப்பதில் உறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் திருடிப் படிப்பது விதைநெல்லைச் சமைப்பது போல. பத்து மணிக்குள் படுத்து ஆறு மணிக்கு எழட்டும். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவிருப்பதை எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். மறுநாள் ஒரு முறை, நான்கைந்து நாள் கழித்து ஒரு முறை, மறுபடியும் பார்க்காமல் எழுதட்டும். முதல் இரண்டு வாரம் அவளுக்கு அழுகை வரும். பாதிகூட நினைவில்லையே என்பாள். அப்போது “பழைய மாதிரியே படித்துக்கொள்” என்று மட்டும் இரக்கப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இதனுடன் கண் பரிசோதனை ஒன்றும் செய்துவிடுங்கள். அவள் வாசிக்கும்போது எழுத்துகளை மாற்றிப் படிக்கிறாளா, வரி தவறுகிறாளா, வாயால் சொல்லும் பதிலை எழுத முடியாமல் தவிக்கிறாளா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். உரிய சோதனையும் பயிற்சியும் உண்டு, சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். மூளை மகனுக்கும் உழைப்பு மகளுக்கும் போனது தற்செயல்தானா? 2017இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து வயதுச் சிறுமிகள் மிக மிகக் கெட்டிக்காரர் என்றால் தம்மைப் போன்ற பெண்ணைத்தான் சுட்டினார்கள். ஆறு, ஏழு வயதிலேயே அது குறைந்துவிட்டது. ‘மிக மிகக் கெட்டிக்காரர்களுக்கான விளையாட்டு’ என்று பெயர் வைத்த விளையாட்டில் அவர்களுக்கு ஆர்வமும் குறைந்தது. அது வேறு தேசம். ஆனால், “பையன் விளையாட்டுப் பிள்ளை, படித்தால் எடுத்துவிடுவான், பொண்ணு பாவம், கஷ்டப்பட்டுப் படிக்குது” என்ற வாக்கியத்தை நான் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பெற்றோர் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், பால் மாறி ஒருமுறைகூடக் கேட்டதாக நினைவில்லை. குரூப் முடிவு செய்ய இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. அவள் காதுபட அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

ஐ.க்யூ. சோதனை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகளுக்குக் கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், பயிற்சி பெற்ற உளவியலாளர் அதை ஒரு பகுதியாக எடுப்பார். அதில் பயன் உண்டு. பிரான்சில் பினே 1905இல் முதல் சோதனையை உருவாக்கியதும் பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். யார் பெரியவர் என்று பார்க்க எடுத்தால் வீட்டில் ஒரு புதுச் சண்டைக்குத்தான் எண் கிடைக்கும். கலிபோர்னியாவில் டெர்மன் என்ற உளவியலாளர் 1921இல் தொடங்கி, உயர்ந்த ஐ.க்யூ. உள்ள 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார். அந்தத் தேர்வில் எண் போதாமல் விடப்பட்ட ஷாக்லி, அல்வாரெஸ் என்ற இரு சிறுவர்கள் பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலும், வாழ்க்கையில் மிக முன்னேறிய ஆண்களுக்கும் மிகப் பின்தங்கியவர்களுக்கும் சிறுவயது ஐ.க்யூ.வில் பெரிய வேறுபாடு இல்லை; விடாமுயற்சியிலும் தன்னம்பிக்கையிலும் இருந்தது, பெற்றோரின் படிப்பிலும் இருந்தது. கடைசியாகச் சொன்னதை உழைப்பின் புகழ் பாடுபவர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள்.

விடுதிப் பள்ளி வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே படிப்பு நடக்காது என்று சொல்லவில்லை. காலை ஐந்து மணி முதல் இரவு வரை மேற்பார்வையில் உட்காரவைத்து, தினமும் தேர்வு வைத்து, மதிப்பெண்ணை ஏற்றிவிடுவார்கள். அது பத்தாம் வகுப்புத் தாங்குகட்டையையே இன்னும் தடிமனாக மாட்டுவது. பிளஸ் டூவில் 200க்கு 190 கட்ஆஃப் வாங்கி நல்ல பொறியியல் கல்லூரிக்குள் போய், எழுப்ப வார்டனும் இல்லாமல் திருப்புதல் தேர்வும் இல்லாமல், முதல் செமஸ்டர் கணிதத்திலேயே அரியர் வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்த பிள்ளைகளை நான் அறிவேன். அந்தப் பாடத்தை பதினெட்டு வயதில் தனியாக ஓர் ஊரில் கற்பதைவிட, பதினாறு வயதில் உங்கள் வீட்டில் கற்பது மலிவு. காலமும் இப்போது உதவியாக இருக்கிறது. 2017–18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025–26 முதல் கைவிடப்பட்டிருக்கிறது. கட்ஆஃபுக்குக் கணக்கெடுப்பது பிளஸ் டூவின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைத்தான். எனவே இந்த 31 அவன் வாழ்க்கையில் எங்கும் பதியப்போவதில்லை. ஆனால் ஜே.இ.இ. தேர்வுக்குப் பிளஸ் ஒன் பாடமும் சேர்ந்துதான் வரும். பிளஸ் டூவின் தொகையீடு பிளஸ் ஒன்னின் முக்கோணவியல் மேல்தான் நிற்கிறது. தடுமாறலாம், தவிர்க்கத்தான் கூடாது.

அவனுக்குத் தினமும் நாற்பது நிமிடம் போதும். இப்போதைக்கு அதற்கு மேல் கேட்காதீர்கள். அந்த நேரத்துக்குச் செல்பேசி உங்கள் கணவரின் கடையில் இருக்கட்டும்; அதே நேரம் உங்கள் செல்பேசியும் அணைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். மூன்று கணக்கு: ஒன்று வகுப்பில் போட்டது, இரண்டு வகுப்பில் போடாதவை. கைடு பக்கத்தில் இருக்கக் கூடாது. வராத கணக்கில் குறைந்தது பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். அதன் பிறகும் வரவில்லை என்றால், “இந்த வரி வரை வந்தேன், இதற்குமேல் இன்னது புரியவில்லை” என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிட்டு எழுந்துவிடலாம். விடை வந்ததா என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். அந்த வாக்கியம் எழுதியிருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். கணித ஆசிரியரைச் சந்தித்து, வாரம் ஒருமுறை அந்த வாக்கியங்களை மட்டும் பார்த்து அவனுக்கு ஒரு குறிப்புச் சொல்லும்படி கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு மறுக்க மாட்டார்கள். ‘ஒன்றுமே புரியவில்லை’ என்று வருபவனைவிட ‘இந்த இடத்தில் நிற்கிறேன்’ என்று வருபவனுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்களுக்கு எளிது. முதல் மாதம் மதிப்பெண்ணில் மாற்றம் தெரியாமல் போகலாம். உணவில், உறக்கத்தில், நண்பர்களோடு பழகுவதில் அவனிடம் மாற்றம் தெரிந்தால், அது படிப்புச் சோம்பல் அல்ல. தாமதிக்காமல் ஓர் ஆலோசகரிடம் நேரில் அழைத்துச் செல்லுங்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எனக்கு மீண்டும் எழுதுங்கள். மதிப்பெண் பட்டியல் வேண்டாம். அவன் பாதியில் நின்ற கணக்குகள் உள்ள நோட்டில் ஒரு பக்கமும், அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிய தாளில் ஒன்றும், சிவப்பு மை திருத்தங்களோடு, படமெடுத்து அனுப்பினால் போதும்.